வாத்து உயரத்துக்கு ஒரு சுவர்

எங்கள் வீட்டில் ஆண்கள் நான்கு பேர். இரண்டு பேருக்கு இறக்கை இருக்கிறது. மற்ற இரண்டு பேருக்கு வாய் இல்லை. நடுவில் நான் ஒருத்தி. பொழுது விடிந்தால் இந்த நான்கு பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

இறக்கை உள்ள இரண்டும் வாத்துகள். குளத்தில் மிதக்கிற சாதாரண வாத்து இல்லை. கழுத்து நீண்ட, வெள்ளை வெளேரென்ற, ஆளைக் கண்டால் சீறிக்கொண்டு வருகிற கூஸ் வாத்து. கூஸ், கூஸ் என்று ஒவ்வொரு தடவையும் யார் சொல்லிக்கொண்டிருப்பது? நாங்கள் வாத்து என்றே சொல்லிவிடுவோம். மூத்தவர் பெயர் மேனேஜர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யார் வேலை செய்கிறார்கள், யார் சும்மா நிற்கிறார்கள் என்று பார்க்க வந்தவர் மாதிரி கொல்லையைச் சுற்றி வருவார். இளையவர் மாப்பிள்ளை. என் கொழுந்தன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, அவளுடைய அப்பா வீட்டிலிருந்து வந்தவர் என்பதால் அந்தப் பெயர். இரண்டு பேருக்கும் நான் மரியாதை கொடுத்துத்தான் பேசுவேன். கோபம் ஏற ஏற எனக்கு மரியாதையும் ஏறும். அது இந்த வீட்டு வியாதி.

வாய் இல்லாத இரண்டு பேர் என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும். ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் உலகத்தோடெல்லாம் பேசுவார்கள். ஒருவரோடு ஒருவர் மட்டும்தான் பேச்சு இல்லை. அப்படியே பேசித்தான் ஆக வேண்டும் என்றால் 'வாங்க', 'போங்க', 'சார்'. கூடப் பிறந்த தம்பியை அண்ணன் சார் என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? நான் தினமும் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் இரண்டு பேர் மண்டையிலும் கரண்டியால் ஒன்று போட வேண்டும் என்று கை பரபரக்கும்.

வீட்டுக்கு முன்னால் வெல்டிங் பட்டறை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். கேட், ஜன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி. ஒருவர் பிடிக்க, ஒருவர் ஒட்டவைக்கிற வேலை. பேசாமல் எப்படிச் செய்வது? சுத்தியலால் இரும்பில் ஒரு தட்டு தட்டினால் 'பிடி', இரண்டு தட்டினால் 'விடு'. இப்படியே கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓட்டிவிட்டார்கள். பட்டறைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கொல்லை வாத்துகளுக்கு.

எல்லாம் ஆரம்பித்தது மாப்பிள்ளை வந்த அன்றைக்கு. கொழுந்தனுக்குக் கல்யாணமான புதிது. அவனுடைய மாமனார் மகளைப் பார்க்க வந்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் கூடை. கூடைக்குள் மாப்பிள்ளை, அப்போது பஞ்சு உதிராத பொடியன். கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவரோரமாகக் கொட்டுகிறது. பட்டறையிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்.

"டேய் மடையா! தொட்டி வழியுதுடா! மாமனாரைப் பார்த்ததும் காது அடைச்சிடுச்சா? மோட்டாரை நிறுத்துடா!"

அவருக்கு அது சத்தமே இல்லை. தம்பியை அவர் கூப்பிடுகிற விதமே அதுதான். 'டேய் மடையா' என்றால் 'சாப்பிட்டியா?' என்று அர்த்தம். 'டேய் முட்டாப்பயலே' என்றால் 'பத்திரமா போயிட்டு வா.' ஆனால் மாமனாருக்கு அது தெரியுமா? டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. கொழுந்தனுக்குக் காது இரண்டும் சிவந்துபோயின.

அவர் கிளம்பிப் போன பிறகு அண்ணனும் தம்பியும் பட்டறையில் ஏதோ பேசினார்கள். நான் அடுப்பில் இருந்தேன், காதில் விழவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"துரையை இனிமே டா போட்டுக் கூப்பிடக் கூடாதாம். சரிங்க, போடலைங்கன்னு சொல்லிட்டேன்."

"அவ்வளவுதானே, விடுங்க" என்றேன். விடவில்லை. மறுநாள் காலையில் பட்டறை திறக்கும்போதே, "வாங்க சார், கதவைத் தூக்கலாங்களா?" என்றார். தம்பி அண்ணனை ஒரு பார்வை பார்த்தான். அதோடு பேச்சு நின்றது. தான் எதற்கு அண்ணன் காலில் விழ வேண்டும் என்று அவன் இருந்தான். தான் எதற்கு இறங்கி வர வேண்டும் என்று அவர் இருந்தார். இடையில் கிடந்து அல்லாடியவர்கள் நானும் ஓரகத்தியும்தான். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஜாடையில் கிண்டல் செய்துகொண்டு, சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். சிரிப்பு இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

இந்த லட்சணத்தில் வாத்துகளுக்கு முட்டைக் காலம் வந்தது.

போன வருஷம் மேனேஜரும் மாப்பிள்ளையும் ஒன்றாகத்தான் மேய்ந்தார்கள். அப்போது மாப்பிள்ளை சின்னப் பயல். இந்த வருஷம் வயசுக்கு வந்துவிட்டார். அவருக்கு இரண்டு பெட்டை, மேனேஜருக்கு இரண்டு பெட்டை. பெட்டைகள் வைக்கோலைக் கிளறி முட்டை வைக்க ஆரம்பித்ததும் இரண்டு ஆணுக்கும் கண்ணில் ரத்தம் ஏறிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் போனால் சண்டை, தீனித் தட்டுக்குப் போனால் சண்டை, ஒன்றுமே இல்லாவிட்டால் அதற்கும் சண்டை. தண்ணீரை இரண்டாக்கி, தீனியை இரண்டாக்கி, கொல்லையின் இரண்டு மூலையில் வைத்தேன். இரண்டு பேரும் அவரவர் மூலையை விட்டுவிட்டு அடுத்தவர் மூலையில்தான் போய் நின்றார்கள்.

வெல்டிங்காரர் வீட்டில் எந்த வியாதிக்கும் கம்பிதான் மருந்து. நான் புலம்பியதைக் கேட்டு, அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசாமல், தட்டித் தட்டியே கொல்லைக்கு நடுவில் ஒரு கம்பித் தடுப்பு செய்துவிட்டார்கள். வாத்துக்குப் போய் நடுவில் பூ டிசைன் வேறு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கம்பி வழியாக ஒருவர் மூஞ்சி ஒருவருக்குத் தெரிகிறதே! மேனேஜர் இந்தப் பக்கம், மாப்பிள்ளை அந்தப் பக்கம், தடுப்பை ஒட்டி நாள் முழுக்க நடை. கொத்திக் கொத்தி அலகு ஓரம் ரத்தம். தின்னவும் இல்லை, பெட்டையைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அடைகாக்க உட்கார்ந்த பெட்டைகள்கூட எழுந்து வந்து வேடிக்கை பார்த்துக் கத்தின. கூட்டில் முட்டை ஆறிக் கிடந்தது.

"அடைச்சா போதாது, மறைக்கணும்" என்றேன். "மூஞ்சி தெரிஞ்சாதான் கோபம்."

என் வீட்டுக்காரர் உடனே பூ டிசைன்மேல் புதுத் தகரத்தை அடித்தார். புதுத் தகரமா, பளபளவென்று இருந்தது. மேனேஜர் வந்தார், பார்த்தார், தகரத்துக்குள் இன்னொரு மேனேஜர் நிற்பதைக் கண்டார். அவ்வளவுதான், தன்னைத் தானே அடிக்க ஆரம்பித்துவிட்டார். தகரத்தில் இறக்கை அடிக்கிற சத்தத்தில் ஒரு பெட்டை துள்ளி எழுந்து, காலடியில் இருந்த முட்டையை மிதித்து உடைத்தது. நான் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. தகரத்தைப் பிடுங்கிப் போடச் சொன்னேன்.

கடைசியில் தடுப்புக் கதவைத் திறந்துபோட்டு, கொல்லை முழுவதற்கும் முறை வைத்தேன். காலையில் மேனேஜர் வெளியே, மாப்பிள்ளை கொட்டகைக்குள். மத்தியானம் மேனேஜரை அடைத்த பிறகு மாப்பிள்ளை வெளியே. மேனேஜரைத் திறந்து அடைப்பது என் வீட்டுக்காரர். மாப்பிள்ளைக்குக் கொழுந்தன். மாமனார் கொடுத்த வாத்து என்பதால் என் வீட்டுக்காரர் அதைத் தொடமாட்டார். அண்ணன் வளர்த்த வாத்து என்பதால் கொழுந்தன் இதைத் தொடமாட்டான். காலை முறைதான் நல்ல முறை. புல் ஈரமாக இருக்கும், வெயில் இருக்காது. அதை மேனேஜருக்குக் கொடுத்ததில் ஓரகத்திக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் கொல்லையில் அமைதி வந்தது. பெட்டைகள் அடையில் உட்கார்ந்தன.

கொல்லையில் அமைதி வந்தால் வீட்டுக்குள் பொறுக்குமா? ஒரு நாள் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நம்மளோட ஒண்ணா இருக்கறது சாருக்குக் கௌரவக் குறைச்சலா இருந்தா, கூடத்து நடுவுல ஒரு சுவர் வெச்சுக்கலாம்னு சொல்லு."

எதிரில், கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான் தம்பி. அவனும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவங்க இஷ்டம்னு சொல்லுங்க அண்ணி."

நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஓரகத்தி எழுந்து கை கழுவப் போய்விட்டாள். குழாயடியில் அவள் முகத்தையும் சேர்த்துக் கழுவியதைப் பார்த்தேன்.

வாய்ப்பேச்சுதானே, போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. செங்கல் வந்து கொல்லையில் இறங்கியது. மணல் வந்தது. கொத்தனார் வந்து கூடத்தில் நூல் பிடித்துப் பார்த்தார். வாசலிலிருந்து சுவர் நேராகப் போனால் ஜன்னல் அவர்களுக்கு, சமையலறை எங்களுக்கு. அண்ணாந்து பார்த்தார்.

"ஃபேன் சரியா நடுவுல வருதே. இது யாருக்கு?"

அண்ணனும் அண்ணாந்து பார்த்தார், தம்பியும் பார்த்தான். ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கொத்தனார் நூலைச் சுருட்டிக்கொண்டு, வேலைக்கு வருகிற நாளைச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்வேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியாது. பால் பொங்கி வழிகிற வரை அடுப்புக்கு முன்னாலேயே நிற்பேன், கண்ணுக்குத் தெரியாது. கொல்லைக்குப் போவேன், செங்கல் அடுக்கைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். எனக்குப் பயமாக இருந்தது, வேறொன்றும் இல்லை. வாத்துக்கு இது ஒரு காலம். குஞ்சு பொரித்து, இறகு உதிர்ந்து, கோபம் இறங்கிப்போனால் இந்த இரண்டு சண்டைக்காரர்களும் போன வருஷம் மாதிரி ஒன்றாக மேய்வார்கள். தடுப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். கூடத்தில் செங்கல் ஏறினால் அதை யார் இறக்குவது? இவர்கள் இரண்டு பேரும் இறக்குகிற ஆட்களா? அந்தப் பக்கம் ஓரகத்தி சிரித்தால் எனக்கு எதற்கென்று தெரியாது. நான் அழுதால் அவளுக்குத் தெரியாது.

"அக்கா, சமையலறையாவது பொதுவா இருக்கட்டும்னு கேட்டுப் பாருங்களேன்" என்றாள் அவள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"யார்கிட்ட கேக்கறது? உன் ஆளு என் ஆளு வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கான். என் ஆளு சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்காரு."

"அப்ப வாத்துகிட்டதான் கேக்கணும்" என்றாள். சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

கொத்தனார் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் இன்னொரு கூத்து. என் வீட்டுக்காரர் முகத்துக்குக் கண்ணாடி போடாமல் வெல்டிங் வைத்துவிட்டார். எத்தனை வருஷ அனுபவம்! புத்தி எங்கே இருந்ததோ. சாயங்காலத்துக்குள் கண் இரண்டும் வீங்கி, மணலைக் கொட்டிவிட்டாற்போல் எரிச்சல். ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்தவரைப் பார்த்துக் கொழுந்தன் வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"டாக்டர்கிட்ட போகணுமான்னு கேளுங்க அண்ணி" என்றான்.

"வேணாம், காலையில சரியாயிடும்னு சொல்லு" என்றார் துணிக்குள்ளிருந்து.

மறுநாள் காலை. இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி ஒரு தப்பை எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் செய்ய மாட்டார்கள்.

கொழுந்தன் முதலில் எழுந்தான். அண்ணனுக்குக் கண் திறக்க முடியவில்லை, பாவம், மேனேஜரை நாமே திறந்துவிடுவோம் என்று நினைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. போய் மேனேஜர் கொட்டகையைத் திறந்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். மேனேஜர் நிதானமாக நடந்து செங்கல் அடுக்குக்குப் பின்னால் புல்லில் இறங்கினார்.

அடுத்தது என் வீட்டுக்காரர். இன்றைக்குச் சுவர் வேலை, அவனுக்குச் சாமான் நகர்த்துகிற வேலை இருக்கும், அவன் வாத்து மத்தியானம் வரை ஏன் கிடக்க வேண்டும், நம் மேனேஜர் தினமும்தான் காலையில் காலாறுகிறார், இன்றைக்கு ஒரு நாள் அவனுடையது முதலில் போகட்டும் என்று நினைத்தார். இதுவும் யாரிடமும் சொல்லவில்லை. துணியை ஒரு கண்ணில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கண்ணைக் கோடு மாதிரி திறந்துகொண்டு, தடவித் தடவிப் போய் மாப்பிள்ளை கொட்டகையைத் திறந்துவிட்டார். நான் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். செங்கல் அடுக்குக்கு மேலே மேனேஜர் கழுத்து எழும்புவதையும் பார்த்தேன்.

"ஐயையோ, மூடுங்க! மூடுங்க!"

யார் கேட்கிறார்கள்? இரண்டும் கழுத்தைத் தரையோடு நீட்டிக்கொண்டு பாய்ந்தன. நான் கொல்லைக்கு ஓடி வருவதற்குள் மேனேஜர் மாப்பிள்ளையின் தோளைக் கவ்விவிட்டார், மாப்பிள்ளை மேனேஜரின் இறக்கையைக் கவ்விவிட்டார். கவ்வினது விடாது. கவ்விக்கொண்டே சுற்றிச் சுற்றி இறக்கை முட்டியால் அடித்துக்கொள்வார்கள். அந்த முட்டி நம் மேல் பட்டால் எலும்பு விட்டுப்போகும். வெள்ளை இறகில் ரத்தம் தெறித்தது. நான்கு பெட்டைகளும் அடையை விட்டு வெளியே வந்து ஓலமிட்டன. நான் சாக்கைத் தேடுகிறேன். வாத்தைப் பிரிக்க வேண்டுமானால் தலையில் ஈரச்சாக்கைப் போட்டு, பின்னாலிருந்து இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். சாக்கு ஒன்றும் கையில் அகப்படவில்லை.

அதற்குள் என் வீட்டுக்காரர் சத்தம் வந்த திக்கில் குனிந்து வெறுங்கையை விட்டார். முழங்காலுக்குக் கீழே ஒரு அடி விழுந்தது. "அம்மா!" என்று உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சத்தம் போட்டார். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"டேய்! எங்கடா போய்த் தொலைஞ்ச? ஓடி வாடா! கொன்னுக்குதுங்கடா!"

பட்டறையில் மெஷின் நின்றது. அவன் ஓடி வந்தான். எப்படி வந்தான் என்று எனக்குத் தெரியாது, செங்கல் அடுக்கைத் தாண்டிக் குதித்தான் என்று ஓரகத்தி பிறகு சொன்னாள்.

"ரெக்கையைப் பிடிடா! கழுத்தைப் பிடிக்காத, மடையா, முறிஞ்சிடும்!"

"எனக்குத் தெரியும், நீ முதல்ல கையை எடு!"

"நான்தான் இதைக் கெட்டியாப் பிடிச்சிருக்கேனே!"

"அது என் காலு அண்ணா!"

"காலை எதுக்குடா இங்க கொண்டுவந்து வெச்ச?"

ஓரகத்தி கொடியில் கிடந்த ஈரப் போர்வையைப் பிடுங்கிக்கொண்டு வந்து எல்லோர்மேலும் சேர்த்துப் போட்டாள். அதற்குள்ளேயே இழுத்து, உருண்டு, ஒரு வழியாகப் பிரித்தார்கள். போர்வையை எடுத்தபோது தம்பி மேனேஜரை அணைத்துக்கொண்டு நிற்கிறான், அண்ணன் மாப்பிள்ளையை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். வாத்து மாறிப்போயிருந்தது. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'டா' வந்துவிட்டதே! 'நீ' வந்துவிட்டதே! முடிந்தது பீடை என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சிடுங்க" என்றார் தம்பியிடம். "அவசரத்துல வாய் தவறி வந்துடுச்சு."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். கையில் அப்போதுதான் சாக்கு கிடைத்திருந்தது. அதைத் தரையில் ஓங்கி அடித்தேன்.

"ரொம்ப நல்லதுங்க! ரெண்டு பேரும் மகராசனா இருங்க! வாத்துக்கு அறிவு கிடையாது, அதுக்கு முட்டைக் காலம். உங்களுக்கு என்னங்க காலம்? எந்த முட்டை மேல உட்கார்ந்திருக்கீங்க ரெண்டு பேரும்? அது கோபம் இந்த மாசத்தோட போயிடும். உங்க கோபத்துக்குச் செங்கல் எறக்கி வெச்சிருக்கீங்களே, வெட்கமா இல்லீங்களா? நான் இந்த வீட்டுல சுவரோட பேசிக்கிட்டு இருக்கணுமா?"

கத்தும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓரகத்தி என் தோளைப் பிடித்தாள். கொழுந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்துத்தான் பேசினான், ஆனால் என்னிடம் பேசவில்லை.

"நான் எப்ப அண்ணி டா போட வேணாம்னேன்?"

"நீ சொன்னதாத்தானே உங்கண்ணன் சொன்னாரு. இனிமே போடாதீங்கன்னு."

"இவ அப்பா முன்னாடி போடாதீங்கன்னேன். அவர் இருக்கற நேரம் மட்டும். பொண்ணைக் குடுத்துட்டு முதல் தடவை வந்திருக்காரு, மாப்பிள்ளையை மடையான்னு கூப்பிடறதைக் கேட்டா மனசு என்ன பாடுபடும்னு சொன்னேன். மறுநாள் வந்து நிக்கறேன், வாங்க சாருங்கறாரு. நான் என்ன செய்யட்டும்? டா போடுங்க அண்ணான்னு கெஞ்சணுமா?" மேனேஜரை இன்னும் இறுக்கிக்கொண்டான். "ஒரு வருஷமா யாரும் என்னை மடையான்னு கூப்பிடல."

என் வீட்டுக்காரர் வீங்கின கண்ணை அவன் பக்கம் திருப்பினார்.

"அவங்க அப்பா முன்னாடின்னா சொன்ன?"

"பின்ன?"

"அது என் காதுல விழவே இல்லியே. டா போடாதீங்கங்கறது மட்டும்தான் விழுந்துது." கொஞ்ச நேரம் மாப்பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "கட்டிங் மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சுடா."

இரும்பு அறுக்கிற மெஷின் ஓடும்போது பட்டறையில் இடி விழுந்தாலும் கேட்காது. கேட்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தச் சத்தத்தில்தான் போய் அவன் அதைச் சொல்லியிருக்கிறான், அந்தச் சத்தத்தில்தான் இவர் பாதியைக் கேட்டுக்கொண்டு ஒரு வருஷம் முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெல்டிங் வெளிச்சம் அடித்தால் இப்படித்தான் கொட்டும் என்று அவராகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை.

"என்னங்க, எங்க ஆரம்பிக்கட்டும்?"

திரும்பினால் கொத்தனார். கையில் கரண்டியும் தூக்குக்குண்டுமாகக் கொல்லை வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் கை காலியில்லை, கை நிறைய வாத்து. என் வீட்டுக்காரர் தாடையால் தரையைக் காட்டினார்.

"இங்கதான் கொத்தனாரே. இந்தக் கம்பித் தடுப்பு இருக்கில்ல, இது நெடுக."

"வீட்டுக்குள்ளன்னு சொன்னீங்களே?"

"வாத்துக்குத்தான்" என்றான் கொழுந்தன். "வாத்துக்குத்தான் சொன்னோம்."

கொத்தனார் இரண்டு பேரையும் பார்த்தார், வாத்துகளைப் பார்த்தார். "நான் கூடத்துல நூல் பிடிச்சப்போ எந்த வாத்து அங்க இருந்துச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டே தடுப்போரம் போனார். "சரி, உயரம் எவ்வளவு?"

அதை நான் சொன்னேன். "வாத்து கழுத்தை நீட்டினா அந்தப் பக்கம் தெரியக் கூடாது. மனுஷன் நின்னா தெரியணும்."

இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது சுவர். அதுவரை மேனேஜரையும் மாப்பிள்ளையையும் வேறு வேறு அறையில் பூட்டி வைத்தோம். மாப்பிள்ளை எங்கள் படுக்கையறையில் செய்த அசிங்கத்தை நான் இங்கே சொல்லப்போவதில்லை. காயத்துக்கு மஞ்சளைக் குழைத்துப் போட்டாள் ஓரகத்தி. சுவர் காய்ந்து இரண்டு பேரையும் அவரவர் பக்கம் விட்டபோது, மேனேஜர் ஒரு சுற்றுச் சுற்றினார், சுவர் வரைக்கும் வந்தார், செங்கலைப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் போய்ப் பெட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் அதையேதான் செய்தார். அப்பாடா என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

அன்றே அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் நடக்காது. ஒரு வருஷம் பேசாத நாக்கு, கூச்சம் போக வேண்டாமா? 'சார்' போய்விட்டது, 'டா' முழுசாக வரவில்லை. 'இந்தா', 'பாரு', 'அது எங்க' என்று பெயரில்லாமல் பேசிக்கொண்டார்கள். சுத்தியல் தட்டு மட்டும் நின்றது. காலையில் தீனி வைக்கும்போது அவர் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பார், அவன் அந்தப் பக்கம் நிற்பான். இரண்டு பேரும் மேலே கையை ஊன்றிக்கொண்டு வாத்தைப் பற்றியே பேசுவார்கள். நானும் ஓரகத்தியும் ஜன்னலில் நின்று ஒட்டுக்கேட்போம். இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மீதிச் செங்கல் கொல்லையில் கிடந்தது, போகும்போதும் வரும்போதும் அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

குஞ்சு பொரித்தது. இரண்டு பக்கமும் பொரித்தது. ஓரகத்தி அவள் அப்பாவுக்குச் சொல்லியனுப்ப, மனுஷன் அடுத்த வண்டியிலேயே வந்துவிட்டார். கூடத்தில், அதே ஃபேனுக்குக் கீழே, அதே நாற்காலி. நான் டீ கொடுத்தேன். மஞ்சள் பஞ்சாக இரண்டு குஞ்சுகளை மடியில் வைத்துக்கொண்டு கொழுந்தன் மாமனாரிடம் காட்டிக்கொண்டிருந்தான். அப்போது சுவரோரமாகச் சடசடவென்று சத்தம். தொட்டி வழிகிறது.

பட்டறை வாசலில் என் வீட்டுக்காரர் தலை தெரிந்தது. "டேய்…" என்று ஆரம்பித்தார். மாமனாரைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றது. ஓரகத்தி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி" என்றார், வார்த்தையை மென்று விழுங்கி. "தொட்டி வழியுது. கொஞ்சம் பார்க்கறீங்களா?"

கொழுந்தன் எழுந்திருக்கவில்லை. குஞ்சை ஓரகத்தியிடம் கொடுத்தான். மாமனாரை ஒரு முறை பார்த்தான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, காதில் கையை வைத்துக் குவித்துக்கொண்டு, உரக்கக் கேட்டான்.

"என்ன அண்ணா? மெஷின் ஓடுது, சரியாக் கேக்கல. யாரைக் கூப்பிட்ட?"

பட்டறையில் மெஷின் எதுவும் ஓடவில்லை.

என் வீட்டுக்காரர் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. தொண்டையைச் செருமினார்.

"உன்னைத்தான்டா, மடையா!"

மாமனார் டீயை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாவகாசமாகக் குடித்தார். "சர்க்கரை சரியா இருக்கும்மா" என்றார் என்னிடம். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்கள். தொட்டி பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் நான்தான் போய் மோட்டாரை நிறுத்தினேன்.